சீர்த் தாம்பாளத்தில் ஒரு ரேஸ் கார்

என் கல்யாணச் சீரில் வந்த பித்தளைத் தாம்பாளத்தை என் வீட்டுக்காரர் தகரம் வெட்டும் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டினார். கோபத்தில் செய்யவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அடிக்கோல் வைத்து, பென்சிலால் கோடு போட்டு, ரொம்ப ஆசையாக வெட்டினார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆரப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. நான், அவர், என் மாமியார், மூன்று பேர்தான். எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மொச்சையும் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு மார்க்கெட்டிலிருந்து திரும்பினால், மனிதர் பின்கட்டில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் ஒன்பது பித்தளைப் பட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் தாம்பாளத்தின் விளிம்பு மட்டும் பெரிய வளையல் போலக் கிடக்கிறது.

"இம்புட்டுச் சீரான பித்தளை மதுரையில எந்தக் கடையிலயும் இல்ல புள்ள," என்றார். முகத்தில் பயம் என்று ஒரு துளி இல்லை. நான் சந்தோஷப்படுவேன் என்று நிஜமாகவே நினைத்திருக்கிறார்!

எனக்கு வந்ததே ஆத்திரம்! என் அப்பா வாடிப்பட்டியிலிருந்து பஸ்ஸில், யாரும் இடித்துவிடாமல், மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த தாம்பாளம் அது. அதில்தான் தேங்காய் பழம் வைத்துத் தட்டு மாற்றினார்கள். நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டில் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் எழுந்து வந்து பார்த்தார்.

"அடப்பாவி! தட்டையாடா வெட்டுன? அதுவும் அவ பொறந்த வீட்டுத் தட்டை!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மாமியாரும் என் கட்சியில் சேர்ந்ததும்தான் அவருக்கு விஷயத்தின் கனம் புரிந்தது. எழுந்து நின்றார்.

"இந்த ஒரு தடவை விடு. வர்ற காணும் பொங்கல் ரேஸ்ல நான் கடைசியா வந்தேன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுர்றேன். அதுக்கப்புறம் தொடவே மாட்டேன்."

"வாய்ப்பேச்செல்லாம் வேணாம். சத்தியம் பண்ணுங்க," என்றேன்.

"உன் தலை மேல சத்தியம்," என்று என் உச்சியில் கையை வைத்தார். கையெல்லாம் பித்தளைத் தூள். அன்று முழுக்க என் தலைமுடி மினுக்கிக்கொண்டிருந்தது.

எனக்கு உள்ளுக்குள் ஏக நிம்மதி. ஏனென்றால் அதுவரை ஓட்டிய எல்லா ரேஸிலும் அவர்தான் கடைசி. தப்பித்தவறிக்கூட மூன்றாவதாக வந்ததில்லை. காணும் பொங்கலோடு இந்தத் தொல்லை ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டு மொச்சையை உரிக்கப் போய்விட்டேன்.

அது என்ன ரேஸ் என்று கேட்பீர்கள். கார் ரேஸ்தான். ஆனால் கார் உள்ளங்கை நீளம்தான் இருக்கும். பலகைகளைச் சேர்த்துப் பெரிய பாதை ஒன்று செய்து, அதில் நாலு காடி, கோடு மாதிரி நீளப் பள்ளம், வெட்டியிருப்பார்கள். ஒவ்வொரு காடிக்கும் இரண்டு பக்கமும் தாமிரப் பட்டை. அதில் பேட்டரி கரண்ட் ஓடும். காரின் மூக்குக்கு அடியில் சின்னதாக ஒரு நாக்கு. அது காடிக்குள் இறங்கி வண்டியை வழி மாறாமல் கொண்டுபோகும். நாக்கின் இரண்டு பக்கமும் இருக்கிற கம்பி தாமிரத்தில் உரசி, கரண்டை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். ஓட்டுகிறவர் கையில் ஒரு பொத்தான். அழுத்தினால் வண்டி ஓடும். ஆசைப்பட்டு அதிகம் அழுத்தினால் வளைவில் காடியை விட்டுப் பறந்துவிடும். மீசை வைத்த ஆம்பளைகள் நாலு பேர், மஹால் பக்கம் ஒரு பட்டு நூல் கடையின் மாடியில் கூடி, இதைத்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரரை எங்கள் வீட்டில் பட்டுக்காரர் என்றுதான் சொல்வோம். சௌராஷ்டிரக்காரர். அவர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு செட் கொண்டுவந்து கொடுத்ததில் ஆரம்பித்தது இந்த வினை. வந்த கார்கள் ஆறு மாதத்தில் உடைந்தன. வேறு வாங்க இங்கே வழியில்லை. சரி, நாமே செய்வோம் என்று இறங்கிவிட்டார்கள். மோட்டார், பழைய டேப் ரிக்கார்டரில் கழற்றியது. அச்சுக்குச் சைக்கிள் போக்ஸ் கம்பி. டயருக்கு ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி உப்புத்தாளில் தேய்ப்பார்கள். மேல்மூடி பவுடர் டப்பாத் தகரம். கரண்டை உரசி எடுக்கிற கம்பிக்குப் பட்டுக்காரர் கடையின் வெள்ளிச் சரிகை! ஊரில் பெண்கள்கூட எல்லாரும் ஒரிஜினல் சரிகை கட்டவில்லை, இவர்கள் கார் கட்டியது.

ஆனால் இதெல்லாம் சில்லறை. வண்டியின் உயிர் அடியில் இருக்கிற சேசிஸில். மோட்டார், அச்சு, நாக்கு எல்லாவற்றையும் தாங்குகிற எலும்புக்கூடு அதுதான். பித்தளைப் பட்டைகளை வெட்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, அவரவர் கையாலேயே அதைச் செய்யவேண்டும். அது அவர்கள் சட்டம். முன்னால் ஐந்தாவதாக ஒருவர் இருந்தார். தெரிந்த நகைப் பட்டறையில் சேசிஸைச் செய்து வாங்கிவந்து அவர் ஜெயித்துவிட, பெரிய சண்டையாகி, அவர் வருவதே நின்றுபோனது. அன்றிலிருந்து, செய்த கைதான் ஓட்டவேண்டும். ஒவ்வொரு ரேஸுக்கு முன்பும் எல்லா வண்டிகளையும் மேஜையில் கவிழ்த்துப் போட்டு, சரிகை சோதிக்கிற லென்ஸால் பட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அவர் கோடு போட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் ஈயம் வைக்க உட்கார்ந்தால் போச்சு! ஒரே புகை, பொசுங்கல் நாற்றம், 'ஸ்ஸ்' என்று விரலை உதறுகிற சத்தம். ஒருநாள் இட்லி மாவில் பித்தளைத் தூள் மின்னியது. மாமியார் அந்த மாவை அப்படியே அவர் முன்னால் கொண்டுபோய் வைத்து, "இதையும் பத்த வையி," என்று சொல்லிவிட்டு வந்தார்.

சத்தியம் செய்து பத்து நாள் இருக்கும். வெளியே ஐப்பசி மழை. அவர் பள்ளிக்கூடத்தில். மாமியார் கண்ணயர்ந்திருந்தார். ஜன்னலோரம் இருந்த என் வீட்டுக்காரருடைய வேலைப் பலகையைத் தூசி தட்டப் போனேன். அதன் மேல் புதுச் சேசிஸ், என் தாம்பாளம்தான், கிடந்தது. சும்மா எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

பார்த்திருக்கக் கூடாது.

நான் வாடிப்பட்டியில் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் மகள். அப்பாவுக்குப் பார்வை கொஞ்சம் மட்டு. பொடி வேலையெல்லாம் என்னிடம் வந்துவிடும். பன்னிரண்டு வயதிலிருந்து கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் ஈயம் வைத்த கை இது. மாமனார் ரேடியோ கடைக்காரர் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். கடையில் பாதி வேலை யார் பார்த்தார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புகுந்த வீட்டில் எதற்கு அந்தப் பேச்செல்லாம் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஈயம் ஒழுங்காகப் பிடித்தால் சின்னதாக, வழவழவென்று, மினுங்கிக்கொண்டு இருக்கும். இவர் வைத்திருந்தது எலி கடித்த வெல்லம் மாதிரி இருந்தது. சாம்பல் நிறம். நகத்தால் நெம்பினால் வந்துவிடும். போதாததற்குப் பித்தளை ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. மனிதர் யாரிடம் யோசனை கேட்டிருக்கிறார் தெரியுமா? பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவரிடம். அவர் பாவம், அண்டாவுக்குச் சொல்கிற வழியைச் சொல்லியிருக்கிறார்: நவச்சாரம் போடு என்று. அதைப் போட்டுவிட்டுக் கழுவாமல் விட்டால் பித்தளையை அரித்துவிடும். அண்டாவுக்குச் செய்கிற மாதிரி ரேஸ் காருக்குச் செய்த ஒரே ஆள் உலகத்தில் என் புருஷனாகத்தான் இருக்கும்.

எனக்குக் கை பரபரத்தது. ஒரே ஒரு இடம், அந்த மூக்குக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் சரி பண்ணிவிட்டு வைத்துவிடுவோம் என்றுதான் உட்கார்ந்தேன். என் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஒரு டப்பா ரெசின், ஈயம் நன்றாகப் பிடிக்கத் தொடுகிற பிசின், இருந்தது. ரேடியோ வேலைக்கு நவச்சாரம் ஆகாது, ரெசின்தான். எதற்காக அதைக் கல்யாணப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. சால்டரிங் இரும்பைச் சூடேற்றி ரெசினில் தொட்டேன். அந்தப் புகை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான். கல்யாணமாகி வந்து இத்தனை நாளில் நான் எதற்காகவும் இவ்வளவு சந்தோஷப்பட்டதாக ஞாபகம் இல்லை.

ஒரு இடம் மூன்றாகி, மூன்று ஆறாகி, மாமியார் எழுந்து இருமும்போது பார்த்தால் முழு வண்டியையும் பிரித்துச் சேர்த்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அவர் வந்து, வீட்டில் சோதிப்பதற்காக வைத்திருந்த நாலடிப் பலகையில் வண்டியை ஓட்டினார். வழக்கமாகத் தள்ளாடிக்கொண்டு போகிற வண்டி அன்றைக்கு நூல் பிடித்த மாதிரி போனது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் அப்படியே போனது.

"பாத்தியா புள்ள! எனக்குக் கை பழகிருச்சு!" என்று தோளை உயர்த்திக்கொண்டார்.

"ஆமா, ரொம்பப் பழகிருச்சு," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் இதே வேலை. அவர் சாயங்காலம் உட்கார்ந்து ஏதாவது ஒன்றைப் பற்றவைப்பார். மறுநாள் மத்தியானம் நான் அதைப் பிரித்து ஒழுங்காக வைப்பேன். அவர் மறுபடி ஓட்டிப் பார்த்து மீசையை நீவிக்கொள்வார். அவர் சுவரில் ஒட்டி வைத்திருந்த படத்தை அப்போதுதான் நான் முதல்முறையாக நின்று பார்த்தேன். சேசிஸின் இரண்டு பக்கமும் இரண்டு தட்டுகள். அவை நடுவோடு இறுகி ஒட்டாமல், மெல்லிய குழாயில் கோத்த கீல்போல லேசாக ஆடவேண்டும் என்று போட்டிருந்தார். வளைவில் வண்டி அதிரும்போது அந்த அதிர்வை ஆடுகிற தட்டுகள் வாங்கிக்கொள்ளும். கனமும் கீழேயே நிற்கும். படத்தில் எவ்வளவு அழகான யோசனை! கையில் வந்ததோ, கீலுக்குள்ளேயே ஈயத்தை ஊற்றி ஆடாமல் கட்டி வைத்திருந்தார். அந்த இடத்தில் எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இவ்வளவு நல்ல வண்டியை மனசில் வைத்துக்கொண்டு இவர் இத்தனை நாள் கடைசியாக வந்திருக்கிறார்.

குடைக்கம்பிக் குழாயில் சின்னத் துண்டு அறுத்து, ஈயம் உள்ளே ஓடாமல் இருக்க எண்ணெய் தொட்டு, கீலைச் செய்தேன். நாலு தடவை பாழாகி ஐந்தாவது தடவை சரியாக வந்தது. விரலால் தட்டினால் 'டிக்'கென்று ஆடி நின்றது. அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், பைத்தியக்காரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் காணும் பொங்கலன்று கடைசியாக வந்தால் எல்லாம் பரணுக்குப் போய்விடும். சத்தியம் வாங்கியது யார்? நான்! என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். "வாங்கின சத்தியத்தைத் திருப்பித் தர்றேன்," என்று போய்ச் சொல்லலாம்தான். ஏன் என்று கேட்பாரே? கேட்டால் எல்லாம் வெளியே வரும். தன் கை பழகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்ல? ஒரே வழிதான். அவர் கடைசியாக வரக்கூடாது. மூன்றாவதாக வந்தால்கூடப் போதும்.

ஒருநாள் மாமியார் சத்தமில்லாமல் வந்து பின்னால் நின்றிருக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னத்தா, அவன் வேலையை நீ பாக்குற?" என்றார்.

நான் முழித்தேன். அவர் வண்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"பித்தளையை இப்படியா கறுப்பா வச்சிருப்பாக? நாலு பேரு பாக்குற பொருளு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரு எலுமிச்சை அளவு புளியும் தேங்காய் நாரும் கொண்டுவந்து, மோட்டாரைக் கழற்றச் சொல்லி, குத்துவிளக்கு விளக்குகிற மாதிரி உட்கார்ந்து விளக்கினார். அதற்குப் பிறகு பொங்கல் வரைக்கும் வாரம் ஒருமுறை அவருக்கு அது கடமையாகிவிட்டது. மகனிடம் மூச்சு விடவில்லை. மருமகளும் மாமியாரும் இப்படி ஒரு கூட்டுக்களவாணித்தனம் பண்ணியதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது.

காணும் பொங்கலன்று வீட்டுப் பெண்களும் வரலாம் என்று பட்டுக்காரர் சொல்லியிருந்தார். மாமியார், "அம்புட்டுப் படி என்னால ஏற முடியாது," என்று நின்றுகொண்டார். நான் ஒரு டப்பா முறுக்கோடு சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனேன். மாடி ஹாலில் பலகைகளையெல்லாம் சேர்த்து ஒரு அறை நீளத்துக்குப் பாதை போட்டிருந்தார்கள். நேர் பாதை, இரண்டு பெரிய வளைவு, நடுவில் பாம்புபோல ஒரு நெளிவு. அந்த வண்டிகளுக்கு அவ்வளவு பெரிய ஓட்டம் உண்டென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாலு பேர்தான் போட்டி. பட்டுக்காரர், என் வீட்டுக்காரர், ஒரு ஜவுளிக்கடைக்காரர், பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற ஒரு அண்ணன். பாடி கட்டுகிறவர்தான் எப்போதும் முதல்.

மேஜையில் வெள்ளை வேட்டியை விரித்து நாலு வண்டியையும் கவிழ்த்துப் போட்டார்கள். கண்ணராவியே! மற்ற மூன்றும் புகை பிடித்துத் தவிட்டு நிறத்தில் கிடக்கின்றன. எங்கள் வண்டி மட்டும் வெள்ளிக்கிழமை விளக்கு மாதிரி தகதகவென்று கிடக்கிறது. பட்டுக்காரர் குனிந்தார். லென்ஸை வைக்காமல் முதலில் மூக்கை வைத்தார்.

"மாஸ்டர், உங்க வண்டியில புளி வாசம் வருது."

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாதே! பட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. லென்ஸை எடுத்து ஒவ்வொரு ஈயப் புள்ளியாகப் பார்த்தார். கீலை நகத்தால் தட்டினார். நிமிர்ந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க மாஸ்டர். இது உங்க கை இல்ல."

"என்ன பட்டுக்காரரே இப்படிச் சொல்லிப்புட்டீங்க?"

"உங்க கை எனக்குத் தெரியாதா? இது நல்லா வேலை தெரிஞ்ச கை."

"ஒவ்வொரு நாளும் சாயங்காலம் உக்காந்து நான் செஞ்சதுண்ணே! நான் பொய் சொல்லுவேனா?" அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஜவுளிக்கடைக்காரர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். பழைய நகைப் பட்டறைக் கதை எல்லார் மனசிலும் ஓடியது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் புருஷன் பொய்யன். திறந்தால் போட்டியில் இல்லை. போட்டியில் இல்லாமல் போவதைவிடக் கடைசி வேறு என்ன இருக்கிறது? என் மத்தியானங்கள் அதோடு சரி.

"வேற யாரும் இதைத் தொடல! என் பொண்டாட்டி தலை மேல..." என்று கையை ஓங்கிவிட்டார் மனிதர்.

"ஏங்க, என் தலையை விடுங்க!" என்று கத்திவிட்டேன். "நான்தான் செஞ்சேன்."

ஆரம்பித்தாயிற்று, இனி எதற்கு மென்று முழுங்குவது என்று எல்லாவற்றையும் சொன்னேன். ரெசின், குடைக்கம்பி, புளி, ஒன்று விடாமல். "ஆனா யோசனை அம்புட்டும் அவுகளுது. படத்துல இருந்ததைத்தான் செஞ்சேன்," என்றேன்.

என் வீட்டுக்காரர் வண்டியைக் கையில் எடுத்தார். திருப்பினார். கீலைத் தட்டினார். 'டிக்'. இன்னொரு தடவை தட்டினார். அவர் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பாடி கட்டுகிற அண்ணன்தான் தொண்டையைக் கனைத்தார். "நம்ம சட்டம் என்ன? செஞ்ச கை ஓட்டணும். அம்புட்டுத்தான? தங்கச்சி ஓட்டட்டும்."

பட்டுக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் வந்து, முறுக்கு டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பொத்தானைக் கொடுத்தார்.

நான் அதுவரை அந்த நாலடிப் பலகையைத் தாண்டி ஓட்டியதில்லை. நாலடியில் வளைவு ஏது? ரேஸ் ஆரம்பிக்கிற கொடி விழுந்ததும் முழு மூச்சாக அழுத்தினேன். வண்டி சீறிக்கொண்டு போய், முதல் வளைவில் பறந்து, பட்டுக்காரர் வீட்டம்மா மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்து, "மெதுவா ஓட்டுங்க," என்றார். மெதுவாக எப்படி ஓட்டுவது? மற்ற மூன்றும் முன்னால் போய்க்கொண்டிருக்கிறதே! இரண்டாவது சுற்றிலும் பறந்தது. மூன்றாவதிலும். ஒரு தடவை ஜவுளிக்கடைக்காரர் வண்டியையும் சேர்த்துத் தட்டிவிட்டுக்கொண்டு போய் விழுந்தது. பெண்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு, ஆத்திரம், எல்லாம் ஒன்றாக வருகிறது.

கடைசிக்கு முந்தின சுற்று. அதை மட்டும் என்னால் மறக்க முடியாது. அந்தச் சுற்றில் என் விரல் தானாகவே வளைவுக்கு முன்னால் தளர்ந்தது. வண்டி படுத்துக்கொண்டு வளைந்தது. நெளிவில் இறங்கும்போது இரண்டு பக்கத் தட்டும் 'டிக் டிக் டிக்'கென்று ஆடுகிற சத்தம் அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. பாடி கட்டுகிறவர் வண்டி அங்கே உதறியது. என் வண்டி உதறவில்லை. சுற்றுக்கணக்கில் நான் எங்கோ பின்னால்தான், ஆனால் அந்த நெளிவில் அவரைத் தாண்டிப் போனேன். "அம்மாடியோவ்!" என்றார் அவர். என் வீட்டுக்காரர் முறுக்கு டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குதித்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

அதைப் பார்த்த சந்தோஷத்தில் விரலை எடுக்க மறந்துபோனேன். அடுத்த வளைவில் பறந்து போய்ச் சுவரில் மோதியது. மொத்தத்தில் நான் கடைசி.

திரும்பும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ரோடெல்லாம் கரும்புச் சக்கையும், கட்டுச்சோற்றுத் தூக்குவாளியோடு வீடு திரும்புகிற சனமுமாக இருந்தது. நான் கேரியரில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டியதும் அவர் திரும்பாமலே சொன்னார்:

"சொன்னது சொன்னதுதான். நாளைக்குக் காலையில எல்லாத்தையும் சாக்குல கட்டிப் பரண்ல ஏத்திருவோம்."

ஓடுகிற சைக்கிளிலிருந்து குதித்துவிட்டேன். அவர் பத்தடி போய்த்தான் நிறுத்தினார்.

"எதை ஏத்துவீங்க?" என்றேன், நடுரோட்டில் நின்றுகொண்டு.

"கடைசியா வந்துட்டோம்ல?"

"வந்தது நான். சத்தியம் பண்ணது நீங்க. நான் எங்க சத்தியம் பண்ணுனேன்?"

"நீதான புள்ள வேணாம்னு சொன்ன?"

"அப்பச் சொன்னேன். இப்ப எனக்கு வேணும். அந்த இரும்பு வேணும், அந்தப் பலகை வேணும், நீங்க போடுற படம் வேணும். மத்தியானம் எனக்கு வேணும்!"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து வீட்டுக்கு வேணும் என்றிருக்கிறேன், அத்தைக்கு வேணும் என்றிருக்கிறேன். எனக்கு வேணும் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ரோட்டில் போகிற சனம் திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இல்லை.

அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். குரல் தணிந்திருந்தது.

"நீங்க கேட்டீங்களா?"

அவர் சைக்கிளைத் தூக்கி, வந்த வழியே மஹால் பக்கம் திருப்பி நிறுத்தினார்.

"ஏறு. பட்டுக்காரர் இன்னும் பலகையைக் கழட்டியிருக்க மாட்டாரு. வளைவுல விரலை எப்ப எடுக்கணும்னு நீ பழகணும்."

ஏறிக்கொண்டேன்.